நாற்றுக்குப் பருவம் உண்டு. நிதிக்கும் பருவம் உண்டு

மலையில் மரம் இருந்தால்தான் வாய்க்காலில் நீர் இருக்கும் என்பதைப் பயிர் செய்வோருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயின், அம்மரம் தீக்கிரையானால் அதனை மீண்டும் நடுவது யார் கடமை, அதற்காகும் செலவு யாருடையது, அச்செலவை எப்பொழுது செய்தல் வேண்டும் என்னும் கேள்விகளுக்கு இன்னும் தெளிவான விடை காணப்படவில்லை. அமெரிக்க நாட்டின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2022-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நம் அங்கத்தினர்கள் அறிதல் நலம் என்று கருதுகிறோம். அங்கே துன்புற்றவர்களுள் பலர், நம்மைப் போலவே வாய்க்காலைப் பொதுவில் வைத்துப் பேணி வாழும் சிறு குடியானவர்கள்.

உலர்ந்த சருகும் புதரும் பெருந்தீக்கு இடமளிக்காதிருக்க, வனத்துறையினர் தாமே அளவாகத் தீ வைத்து அவற்றை எரிப்பது அந்நாட்டு வழக்கம். சான்டா ஃபே தேசியக் காட்டில் அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அவ்வாறு வைத்த தீ, காற்றில் கட்டு மீறியது. ஜனவரியில் எரித்த விறகுக் குவியல்களில் பனிக்கு அடியில் கனன்றுகொண்டிருந்த நெருப்பும் ஏப்ரலில் தலைதூக்கியது. இரண்டும் ஒன்றுகூடி மோரா, சான் மிகெல் வட்டாரங்களில் 3,41,000 ஏக்கருக்கு மேல் எரித்தன. அம்மாநிலத்தில் பதிவான காட்டுத் தீக்களுள் இதுவே மிகப் பெரியது. தீயை வைத்தது அரசாங்கம். ஆதலின் ஈடு செய்யும் பொறுப்பும் அரசாங்கத்தினுடையதே. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

தீயோடு துன்பம் முடியவில்லை. மழையின் வேகத்தைத் தாங்கும் இலைக் கூரையும், நீரை உறிஞ்சும் சருகு மெத்தையும் எரிந்து போகின்றன. கடும் வெப்பத்தால் மண்ணின் மேற்பரப்பு மெழுகு பூசியது போலாகி நீரை உள்ளே விடுவதில்லை. ஆகவே சிறு மழையும் பெருவெள்ளமாகிச் சாம்பலையும் கல்லையும் அடிமரங்களையும் உருட்டிக்கொண்டு இறங்குகிறது. நியூ மெக்சிகோவில் பருவமழை ஜூலையில் வலுக்கும். அவ்வாண்டு ஜூலையிலேயே வெள்ளத்தில் மூவர் மாண்டனர். சுமார் 13,000 மக்கள் வாழும் லாஸ் வேகஸ் என்னும் சிற்றூருக்கு (சூதாட்டத்துக்குப் பெயர் போன நெவாடா நகரன்று இது) குடிநீர் தரும் ஆற்றில் சாம்பலும் வண்டலும் கலந்தமையால், ஜூலை இறுதியில் ஐம்பது நாளைக்கும் குறைவான நீரே அவ்வூரின் இருப்பில் இருந்தது.

அங்குள்ள வாய்க்கால்களின் நிலையை நம் வாசகர்கள் எளிதில் உணர்வர். 'அசேக்கியா' என்று அவற்றுக்குப் பெயர். ஸ்பானியர் காலம் முதல் அவ்வூரார் சேர்ந்து வெட்டிச் சேர்ந்து பேணி வருபவை அவை. பங்காளிகள் அனைவரும் வேனிலுக்கு முன் கூடித் தூர் எடுப்பர். முறை வைத்து நீர் பங்கிட ஒருவரைத் தாமே தேர்ந்தெடுப்பர். நம் குடிமராமத்தின் உடன்பிறப்பு என்றே அதனைச் சொல்லலாம். அவ்வாய்க்கால்கள் பல, மதகு உடைந்தும் மண் மூடியும் பாழ்பட்டன.

நிதி வரவில்லையா எனில், வந்தது. மத்திய அரசு 2022 செப்டம்பரில் 250 கோடி டாலரும், டிசம்பரில் மேலும் 145 கோடி டாலரும் ஈட்டுக்கென ஒதுக்கியது. தொகை சிறிதன்று, அதற்காக அவ்வரசைப் பாராட்டுகிறோம். ஆனால் தீ மூண்டது ஏப்ரலில். வெள்ளம் வந்தது ஜூலையில். முதல் ஒதுக்கீடு செப்டம்பரில். சரிவுகளில் வைக்கோல் பரப்புதல், புல் விதை தூவுதல், மரத்துண்டுகளைக் குறுக்கே கிடத்தி மண்ணைத் தடுத்தல், ஓடைகளைத் துப்புரவு செய்தல் ஆகியவை தீ அணைந்தவுடன் செய்ய வேண்டிய வேலைகள். இவற்றுக்கான பணம் கையிருப்பில் இருந்தாலன்றிப் பயனில்லை.

மேலும், பேரிடர் உதவியில் பெரும்பகுதி முதலில் செலவு செய்துவிட்டுப் பின்னர் பெறும் முறையில் அமைந்தது. ஆண்டு வரவு சொற்பமான ஒரு வாய்க்கால் சங்கம் பல்லாயிரம் டாலரை முன்னே போட எங்கே போகும்? இக்குறையை உணர்ந்த மாநில அரசு, 2023-இல் உள்ளாட்சி அமைப்புகளுக்கு வட்டியின்றிக் கடன் கொடுக்க 10 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் செய்தது. கடன் சங்கம் நடத்தும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். முறையான நேரத்தில் கிடைக்கும் சிறு கடன், காலம் கடந்து வரும் பெரு மானியத்தினும் சிறந்தது.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. ஈடு வழங்குவதற்கான முதல் விதிகள் 2022 நவம்பரில் வந்தபோது, மரம் நடும் செலவுக்குச் சொத்தின் தீக்கு முந்திய மதிப்பில் 25 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டியிருந்தனர். சில ஏக்கர் காடுடைய குடியானவருக்கு மரமே சொத்து. அதைத் திரும்ப நட முடியாதெனில் ஈடு என்பது பெயரளவே. மக்கள் கூட்டங்களில் எழுந்து முறையிட்டனர். 2023 ஆகஸ்டில் வந்த இறுதி விதிகளில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. ஒன்றுபட்டுக் கேட்டால் சட்டமும் செவிசாய்க்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காடு தானே முளைக்காதா, பொதுப்பணத்தை ஏன் மலையில் கொட்ட வேண்டும் என்று கேட்போர் உண்டு. லேசாக எரிந்த இடங்களில் காடு தானே தழைக்கும் என்பது மெய். முற்றும் எரிந்த பெரும்பரப்பில் அது நடவாது. அங்குள்ள பாண்டரோசா பைன் மரத்தின் விதை தாய்மரத்தை விட்டு நெடுந்தொலைவு செல்வதில்லை. தாய்மரமே இல்லாதவிடத்துப் புதரே மண்டும். ஆகவே விதை சேகரித்து, நாற்று வளர்த்து, மனிதன் கையால் நட்டாக வேண்டும்.

நாற்றுக்கு எங்கே போவது? எரிந்த மோராவிலேயே மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் நாற்றங்கால் இருந்தது. தீயின் காலத்தில் அது ஆண்டுக்கு வளர்க்கக்கூடியவை சுமார் 3 லட்சம் நாற்றுகள். ஏக்கருக்கு நூறு என்று குறைத்து வைத்தாலும் 3,000 ஏக்கருக்கே அவை போதும். எரிந்த பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை நடுவதாகக் கொண்டாலும் இருபது ஆண்டுக்கு மேலாகும். ஆகவேதான் ஆண்டுக்கு 50 லட்சம் நாற்று வளர்க்கும் பண்ணைக்குத் திட்டம் தீட்டினர். தேசியக் காடுகளில் மறுநடவு செய்ய 1980-இல் ஏற்பட்ட நிதியும், ஆண்டுக்கு 3 கோடி டாலர் என்னும் வரம்புக்குள் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது; 2021-இல்தான் அவ்வரம்பு எடுக்கப்பட்டது. தீ மூண்ட பின் நாற்றங்கால் தேடுவது, பாவு அறுந்த பின் நூல் நூற்கப் போவதை ஒக்கும்.

எனவே நாம் வற்புறுத்துவன மூன்று. வெள்ளத் தடுப்புக்கான நிதி, மழைக்கு முன் எடுத்தாளத்தக்கதாய் எப்போதும் தனியே இருத்தல் வேண்டும். அது வாய்க்கால் சங்கம் போன்ற உள்ளூர் அமைப்புகளிடம் முன்பணமாகவே சேர்தல் வேண்டும். மறுநடவுக்கான ஒதுக்கீடு ஓராண்டு நிவாரணமாக முடியாமல், நாற்று மரமாகும் வரை ஆண்டுதோறும் தொடர்தல் வேண்டும். காட்டைக் காப்பது தருமமன்று. மேட்டில் இட்ட முதல், பள்ளத்தில் விளைச்சலாகத் திரும்பும். ஊராரின் பொதுப்பணத்துக்கு இதனினும் பாதுகாப்பான முதலீடு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.