குட்டி யானைக்கு மதியத் தீனி

புதுச்சேரியில் சரக்கு மின்வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ‘இங்கேதான் பெட்ரோல் விலை குறைவாச்சே’ என்று முதல் பதில் வரும். தமிழ்நாட்டைவிட லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவு என்பது உண்மைதான். எல்லையோர பங்க்குகளில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் நிற்பதும் அதனால்தான். ஆனால், அந்தச் சலுகையால் கணக்கு மாறிவிடவில்லை. 2025 ஜூனில் டாடா ஏஸ் புரோ வெளிவந்தபோது பெட்ரோல் வண்டியின் விலை 3.99 லட்சம் ரூபாய், மின்வண்டி 6.50 லட்சம். நகருக்குள் நாளுக்கு 60 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 4 லிட்டருக்கு 96 ரூபாய் வீதம் 384 ரூபாய். மின்வண்டிக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்துத் தாராளமாக 9 யூனிட் போடலாம். யூனிட் 7 ரூபாய் என்றால் 63 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் மிச்சம் 96,000 ரூபாய். கூடுதலாகப் போட்ட இரண்டரை லட்சம், கடன் வட்டி நீங்கலாக, மூன்று ஆண்டுக்குள் திரும்பிவிடும். அதே 9 யூனிட்டை 20 ரூபாய் வீதம் விரைவு சார்ஜரில் ஏற்றினாலோ நாலு ஆண்டாகும். நாளுக்கு 20 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காலை நேரத்து நேரு வீதி காட்டிவிடும். பெரிய மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றி வரும் ‘குட்டி யானை’, அதாவது டாடா ஏஸ், இருபதடி நகரும், நிற்கும்; முன்னால் ஒரு ஸ்கூட்டர் திரும்பும்வரை இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும். பழைய நகரம் முழுக்கக் கட்டம் போட்ட தெருக்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு குறுக்குத் தெரு, ஒவ்வொன்றிலும் பிரேக். இப்படிப்பட்ட ஓட்டத்தில் பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்தாலே அதிகம். மின்வண்டி நிற்கும்போது மோட்டார் எதையும் குடிப்பதில்லை; வேகம் குறையும்போது கொஞ்சம் மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பியும் அனுப்புகிறது. மேடுபள்ளம் இல்லாத கடற்கரை ஊர் என்பது இன்னொரு வசதி. சென்னைக்குப் போய்வரும் 300 கி.மீ. சவாரிக்கு இந்தச் சிறுவண்டி சரிப்படாது.

ஆக, எங்கே, எந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றுகிறோம் என்பதில்தான் லாபம் இருக்கிறது. அரசின் கவனமோ வேறெங்கோ. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்லாரிகளுக்கு ஒதுக்கிய 500 கோடி ரூபாய் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான்; குட்டி யானைக்கு அதில் பங்கில்லை. சொந்த வாசலில் பிளக் இருப்பவர் சமாளித்துக்கொள்வார். தெருவோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் வாடகை வண்டிக்காரர் என்ன செய்வார்?

நெய்வேலி பழுப்பு நிலக்கரியை எரித்து வரும் மின்சாரம்தானே, இதில் என்ன சுத்தம் என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. புகை மார்க்கெட் தெருவை விட்டுப் போகும். ஆனால் அனல்மின்சாரத்தை மட்டுமே நம்பி ஓடினால் கரியமில வாயுக் கணக்கில் பெரிதாக மார்தட்ட ஒன்றுமில்லை. இதற்கும் விடை நேரத்தில்தான் இருக்கிறது. பொது சார்ஜிங் நிலையங்களுக்கு, சூரிய ஒளி கிடைக்கும் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் கட்டணம் என்கின்றன மத்திய மின்துறையின் 2024 வழிகாட்டுதல்கள். மார்க்கெட் வண்டிகள் விடிவதற்கு முன்பே ஓடத் தொடங்கி, மதியம் நிழல் தேடி நிற்பவை. ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக் மணிக்கு 3 யூனிட் தரும். 9 யூனிட்டுக்கு மூன்று மணி நேரம் போதும். புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையத்தில் ஒரு கொட்டகை போட்டு, அதில் வரிசையாக மீட்டர் வைத்த முப்பது பிளக்குகளை அமைத்தால் போதும். டிரைவர் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் அடுத்த நாள் ஓட்டத்துக்கு வண்டி தயாராகியிருக்கும்.