வாய் திறக்காத பெட்டி

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பச்சைமலை முருகன் கோயிலில் நடந்த தம் கல்யாணத்தின் டிவிடியைப் பெட்டியில் போட்டுப் பார்த்தாராம். படம் முடிந்தது, தட்டு வெளியே வர மறுக்கிறது. "எங்க அமுச்சி தவறி நாலு வருஷமாச்சுங்க. அவுங்க நடக்கறதும் பேசறதும் இந்த ஒரே டிஸ்கிலேதானுங்க இருக்குது. எப்படியாச்சும் வெளியே எடுக்க வழி சொல்லுங்க" என்று கேட்கிறார்.

சினிமாப் படப்பிடிப்புக்குப் பேர்போன ஊர் கோபி. அங்கே எத்தனையோ படம் எடுத்திருக்கிறார்கள். சகோதரிக்கு வேண்டிய படமோ ஒன்றே ஒன்று. அதுதான் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது!

பதற வேண்டாம். கத்தியையும் தோசைத் திருப்பியையும் கீழே வையுங்கள். டிஸ்க் என்பது 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் வட்டம். நெம்பினால் கீறலும் விழும், தட்டின் பல்லும் உடையும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா இருங்கள். மறுபடி சொருகியதும் வேறு எதையும் தொடாமல், தட்டைத் திறக்கும் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். உள்ளே இருக்கும் சின்ன மூளை குழம்பியிருந்தால் இதிலேயே தெளிந்துவிடும். சில பெட்டிகளில் குழந்தைகளுக்குப் பயந்து தட்டைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. ரிமோட்டை வைத்து விளையாடிய வாண்டு எதையாவது அழுத்திவிட்டதா என்று விசாரியுங்கள்.

அப்படியும் திறக்கவில்லையா? பெட்டியில் காதை வைத்துக் கேளுங்கள். சத்தமே இல்லை என்றால் பொத்தானிலோ மோட்டாரிலோ கோளாறு. ரிப்பேர்க்காரரிடம் போக வேண்டியதுதான். 'டக் டக்' என்று இடித்தால் ஏதோ வழி மறிக்கிறது: உரிந்துபோன லேபிள் காகிதமாக இருக்கலாம், குழந்தை திணித்த இரண்டாவது டிஸ்காகவும் இருக்கலாம். 'கிர்' என்று மோட்டார் சுற்றியும் தட்டு அசையவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி ரப்பர் பெல்ட்.

தையல் மெஷினில் கீழ்ச் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் தோல் பெல்ட் இணைக்கிறதல்லவா? அதே ஏற்பாடுதான் இங்கேயும், வளையல் அளவில். நாளானால் பெல்ட் தொய்ந்து வழுக்கும். பொத்தானை அழுத்தி, சத்தம் கேட்கும்போதே தட்டின் ஓரத்தை நகத்தால் மெதுவாக இழுத்துக் கொடுங்கள். அநேகமாக வந்துவிடும். வந்ததும் டிஸ்கை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஆசையாக இருக்கிறதென்று மறுபடி உள்ளே போடாதீர்கள்!

இன்னொரு விந்தை. டிஸ்கை மேலிருந்து அழுத்திப் பிடிப்பது ஒரு காந்தம். டிஸ்க் இல்லாவிட்டால் காந்தம் இன்னும் நெருங்கி இறுகப் பிடிக்கும். அதனால் சில பெட்டிகள் காலியாக இருக்கும்போதுதான் திறக்க மறுக்கும். ரிப்பேர் ஆகும்வரை வேண்டாத டிஸ்க் ஒன்றை உள்ளே வைத்திருங்கள்.

கம்ப்யூட்டரில் உள்ள டிரைவ் என்றால் முகப்பில் ஓர் ஊசித் துளை இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காகிதம் செருகும் கிளிப்பை நிமிர்த்தி நேராக உள்ளே அழுத்தினால் தட்டு சற்றே வெளியே நீட்டும்.

ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் மூடியைத் திறக்கலாம். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரப் பகுதியில் சற்று நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். அங்கே கை வேண்டாம். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டியை ஓடவிட்டு லேசர் கண்ணாடியை உற்றுப் பார்ப்பதும் கூடாது. டிவிடியின் ஒளி சிவப்பு. சிடியின் ஒளி கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அதனால் ஆபத்து அதிகம். தொய்ந்த பெல்ட்டைக் கொதித்த வெந்நீரில் சில நிமிஷம் போட்டுத் துடைத்து மாட்டினால் கொஞ்ச நாள் உழைக்கும். புதுப் பெல்ட் போடுவதே நிரந்தர வைத்தியம்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். கல்யாண வீட்டில் பதிந்து தரும் டிஸ்கில் படம் இருப்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலிலும் சூட்டிலும் அந்தச் சாயம் மங்கும். ஆகவே டிஸ்க் கைக்கு வந்த அன்றே ஸ்டூடியோவில் கொடுத்து இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் பீரோவில் இருக்கட்டும். மற்றொன்று அக்காள் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கலாம். அமுச்சியின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?