அண்ணனுக்குப் பத்து லட்சம், கரகத்துக்குப் பத்து ரூபாய் ஆகாது!

பீர்மேடு தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம், கும்மி, ஒரு ராத்திரி நாடகம்னு நடத்துற பிள்ளைகளுக்கு லண்டனில் இருக்கிற நாம ஏதாவது அனுப்பினால் என்ன? நம்ம குடும்பங்கள் கூடுற இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வி வருது. பதில் உங்க பாஸ்போர்ட்டில் இருக்கு.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கியாச்சா? வண்டிப்பெரியாரில் பிறந்து வளர்ந்திருந்தாலும் 2010-ஆம் வருடச் சட்டத்தின் கண்ணுக்கு நீங்க அந்நியர். ஓசிஐ அட்டையை நீட்டினாலும் அதே கதைதான்.

அந்நியர் காசை வாங்கணும் என்றால் குழு டெல்லியில் பதிவு செய்யணும். அதற்கு அது மூன்று வருடம் நடந்திருக்கணும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவும் பண்ணியிருக்கணும். தப்புக்குத் தோல் மாற்றவே வசூல் பண்ணுற ஆட்கள், சாமி! 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து விழணும். முன் அனுமதின்னு ஒரு குறுக்கு வழி உண்டு, அதுவும் அதே டெல்லி வழிதான். முன்பெல்லாம் பதிவு பெற்ற பெரிய அமைப்பு வாங்கி, அதே மாதிரி பதிவு பெற்ற சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அதையும் அந்தத் திருத்தம் அடைத்துவிட்டது.

இன்னொரு பக்கம் பாருங்க. அதே பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர் ஊரில் இருக்கிற சொந்த அண்ணனுக்கு வருடத்துக்கு 10 லட்சம் வரை அனுப்பலாம், அரசாங்கத்துக்குச் சொல்லக்கூட வேண்டாம். 2022 வரை இந்த வரம்பு 1 லட்சம்தான். அண்ணன் வீட்டு மாடிக்கு வளைந்து கொடுத்த சட்டம் கரகத்துக்கு ஏன் விறைத்து நிற்குது?

சரி, நம்ம காசு வேண்டாம், அரசாங்கக் காசு? மத்திய கலாச்சார அமைச்சகத்தின் நிதிக்கும் பதிவு பெற்ற சங்கம், மூன்று வருட வயது, தர்ப்பண் தளத்தில் ஒரு எண், ஆடிட்டர் கையெழுத்து எல்லாம் வேணும். லயத்தில் ஆடிட்டருக்கு எங்கே போறது? 2000-க்குப் பிறகு பீர்மேட்டில் எத்தனை தோட்டம் பூட்டிக் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். கூலி நின்றது, வசூல் நின்றது, இளசுகள் கீழே இறங்கிப் போயாச்சு. பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்து கம்பனைத்தான் பாடுது. ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க, ரொம்பச் சந்தோஷம். ஆனால் அந்தக் கலைக்குக் கோயிலில் கூத்துமாடம் இருந்தது, தலைமுறையாகக் காத்த குடும்பமும் இருந்தது. லயத்துக் கரகத்துக்கு என்ன இருக்கு?

"அப்போ கணக்கே வேண்டாமா? கருப்புப் பணம், மதமாற்றம்..." என்று சிலர் ஆரம்பிப்பாங்க. கணக்கு வேணும்தான். தோட்டத்தில் திருவிழா முடிந்ததும் யார் எவ்வளவு, எதற்கு எவ்வளவு என்று சனத்துக்கு முன்னால் வாசிப்பாங்களே, அதைவிடக் கடுமையான தணிக்கை எந்த ஆடிட்டர் பண்ணுறார்? ஐம்பது ரூபாய் இடித்தாலும் அடுத்த வருடம் அந்த ஆள் கமிட்டியில் இல்லை.

இங்கே இங்கிலாந்தில் வருடத்துக்கு 5,000 பவுண்டுக்குக் கீழே வருமானம் உள்ள சின்ன அறக்குழு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. தேசிய லாட்டரி நிதியும் பதிவில்லாத ஊர்க்குழுவுக்கு 20,000 பவுண்டு வரை கொடுக்குது. அது கேட்பது எழுதி வைத்த விதிமுறை, குழுவின் பேரில் வங்கிக் கணக்கு, சொந்தக்காரர்களாக இல்லாத இருவர் கையெழுத்து. இதனால் பிரிட்டிஷ் அரசு கவிழ்ந்துவிடவில்லை (அது கவிழ்வதற்கு வேறு காரணங்கள் உண்டு).

நான் கேட்பது ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குள் வாங்கிச் செலவழிக்கிற ஊர்க் கலைக்குழுவுக்கு ஒரு ரசீதுப் புத்தகமும் உள்ளூர் வங்கிக் கணக்கும் போதும் என்று சட்டத்தில் எழுதுங்க. அண்ணனுக்குக் கொடுத்த சலுகையில் பத்தில் ஒரு பங்கு.

அடுத்த முறை ஊருக்குப் போறவங்க இடுக்கி எம்.பி. ஆபீசில் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துட்டு வாங்க. இந்தியப் பாஸ்போர்ட் இன்னும் வைத்திருக்கிறவங்க மாரியம்மன் வசூலுக்கு இந்த வருடமும் அனுப்புங்க, ரசீது கேட்டு வாங்குங்க.