விமானத்தில் சீட்டைச் சாய்ப்பது யாருடைய உரிமை? திருச்சியில் ஏறும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

ராத்திரி பதினொன்றரை மணி. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் கிளம்பும் விமானம். அறந்தாங்கியில் மாலையே பஸ் ஏறி, புதுக்கோட்டையில் மாறி, மூன்று மணி நேரம் முன்பே வந்து வரிசையில் நின்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, 'அப்பாடா' என்று கண்ணை மூடுகிறார். விமானம் மேலே ஏறி, பெல்ட் விளக்கு அணைந்த அடுத்த நொடி முன் சீட் அப்படியே பின்னால் வருகிறது. முட்டியில் இடிக்கிறது.

"அண்ணே, சீட்டைக் கொஞ்சம் நிமித்துங்களேன்."

"பட்டன் எதுக்குங்க வச்சிருக்கான்? நானும் காசு குடுத்துத்தானே ஏறியிருக்கேன்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். சென்னைக்குப் போகும் புஷ்பேக் பஸ்ஸில் தினமும் நடக்கும் அதே சண்டைதான் இது, 35 ஆயிரம் அடி உயரத்தில் நடக்கிறது. ஆனால் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு பேருமே கவனிக்காத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அந்த இடத்தை இருவருக்கும் விற்றவர்.

புதுக்கோட்டைக்கு இதில் என்ன?

புதுக்கோட்டை மாவட்டத்துக்கென்று விமான நிலையம் கிடையாது. தேவையும் பெரிதாக இல்லை. திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டை போகும் ரோட்டில்தான். அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வாசல். 2024 ஜனவரி 2-ம் தேதி திறந்துவைக்கப்பட்ட புதிய முனையம், அதே ஆண்டு ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் அளவுக்கு அது கட்டப்பட்டிருக்கிறது.

முனையம் பெரிதாகிவிட்டது. விமானத்துக்குள் கால் நீட்டும் இடம் மட்டும் பெரிதாகவில்லை. திருச்சியின் ஓடுதளம் சுமார் 2,480 மீட்டர் நீளம்தான். எனவே இங்கு வந்துபோவது பெரும்பாலும் நடுவில் ஒரே நடைபாதை உள்ள ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ரக விமானங்கள். அதிலும் குறைந்த கட்டண நிறுவனங்களின் கைதான் ஓங்கியிருக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் எதுவானாலும் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். எனவே சீட் சாய்கிறதா, கால் வைக்க இடம் இருக்கிறதா என்பது இந்தப் பகுதி மக்களுக்கு வெறும் சொகுசுக் கேள்வி அல்ல. இறங்கிய அன்றே வேலைக்குப் போக வேண்டியவர்களும் அந்த விமானத்தில் இருப்பார்கள்.

28 அங்குலம் என்றால் எவ்வளவு?

விமான நிறுவனங்கள் இடத்தை அளக்க 'சீட் பிட்ச்' என்றொரு கணக்கு வைத்திருக்கின்றன. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து, அதற்கு முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம். குறைந்த கட்டண விமானங்களில் இது 28, 29 அங்குலம். அதாவது 71 முதல் 74 செ.மீ. மற்ற நிறுவனங்களின் எகானமி வகுப்பில் 30, 31 அங்குலம் வரை இருக்கும்.

இந்த 28 அங்குலமும் காலுக்குக் கிடைக்கும் இடம் என்று நினைத்துவிடக் கூடாது. சீட்டின் கனமும் அதற்குள்தான் அடக்கம். அதனால்தான் இப்போது வரும் சீட்டுகளின் முதுகு மெல்லிசாக இருக்கிறது. மெத்தையைக் குறைத்தால் முட்டிக்கு ஓர் அங்குலம் கிடைக்கும். உட்காரும் இடத்துக்கு அந்த ஓர் அங்குலம் போய்விடும்.

ஓர் அங்குலத்துக்கு இவ்வளவு கணக்கு ஏன்? ஏ320 விமானத்தில் வரிசைக்கு 6 சீட், சுமார் 30 வரிசை. வரிசைக்கு ஓர் அங்குலம் குறைத்தால் மொத்தம் 30 அங்குலம் மிச்சம். அதில் இன்னொரு வரிசையே போட்டுவிடலாம். ஒவ்வொரு பயணத்திலும் 6 டிக்கெட் கூடுதல். டிக்கெட் விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

பட்டன் இருக்கு, ஆனா சாயாது!

கைப்பிடியில் உள்ள பட்டனை அழுத்தினால், உள்ளே இருக்கும் ஒரு கேபிள் வழியாக, சீட்டுக்கு அடியில் உள்ள சிறு சிலிண்டரின் பூட்டு திறக்கும். முதுகு பின்னால் போகும். எகானமியில் அது பொதுவாக 4 அங்குலத்துக்குள், பல விமானங்களில் 2 அங்குலம்.

இந்த அமைப்புக்கு எடை உண்டு, அடிக்கடி பழுதாகும், பராமரிப்புச் செலவு உண்டு. எனவே பல நிறுவனங்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டன. ஐரோப்பாவின் ரயன்ஏர் விமானங்களில் சீட் சாயவே சாயாது. அமெரிக்காவின் ஸ்பிரிட் நிறுவனம், சாயாத சீட்டுகளுக்கு 'முன்கூட்டியே சாய்க்கப்பட்டவை' என்று பெயர் வைத்தது! பிரிட்டிஷ் ஏர்வேஸும் குறுகிய தூரத்துக்கான புதிய ஏ320 நியோ விமானங்களில் நிலையான சாய்வு கொண்ட சீட்டுகளைப் போடுவதாக 2018-ல் அறிவித்தது. டெல்டா நிறுவனம் 2019-ல் தன் ஏ320 விமானங்களின் எகானமி சாய்வை 4 அங்குலத்திலிருந்து 2 அங்குலமாகக் குறைத்தது.

சாய்வு இருக்கும் விமானத்திலும் எல்லாச் சீட்டும் சாயாது. கடைசி வரிசை பெரும்பாலும் சாயாது. அவசர வாசலுக்கு முன்னால் உள்ள வரிசையும் சாயாது. ஆபத்து நேரத்தில் ஆட்கள் வெளியேறும் வழியை அது அடைத்துவிடும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் "சீட்டை நிமிர்த்துங்கள்" என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

அந்த 4 அங்குலம் யாருடையது?

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து டென்வர் சென்ற யுனைடெட் விமானம், பாதி வழியில் சிகாகோவில் இறக்கப்பட்டது. முன் சீட்டைச் சாய விடாமல் தடுக்கும் பிளாஸ்டிக் கருவி ஒன்றைப் பின்னால் இருந்தவர் மாட்டிவிட்டார் என்பதில் தொடங்கிய தகராறு, விமானத்தையே திருப்பிவிட்டது.

அதையொட்டி அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் புக்காபுஸ்கோ, ஸ்பிரிக்மன் இருவரும் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். சாய்க்கும் உரிமை முன்னால் இருப்பவருக்கு என்று வைத்துக்கொண்டால், அதை விட்டுக்கொடுக்க அவர் சராசரியாக 41 டாலர் கேட்டார். பின்னால் இருப்பவரோ 18 டாலர்தான் தரத் தயார். சரி, இடம் பின்னால் இருப்பவருக்குச் சொந்தம் என்று மாற்றிக் கேட்டபோது, அவர் 39 டாலர் கேட்டார். முன்னால் இருப்பவர் 12 டாலர்தான் தரத் தயார்.

அதாவது, எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோமோ அந்தப் பக்கத்துக்குத்தான் உரிமை என்று மனிதர்கள் நினைக்கிறார்கள். "இது என்னோடது" என்று முதலில் நம்பிவிட்டால் அப்புறம் விட்டுக்கொடுக்க மனசு வராது. பட்டனை வைத்து முன்னால் இருப்பவருக்கு ஒரு நம்பிக்கை. இத்தனை அங்குலம் இடம் என்று சொல்லிப் பின்னால் இருப்பவருக்கு இன்னொரு நம்பிக்கை. ஒரே வயலை இரண்டு பேருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு, வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பது போன்ற வேலை இது.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஓடுதளத்திலேயே ஒரு விமானம் தீப்பிடித்து 55 பேர் இறந்தார்கள். வெளியேற வழி குறுகலாக இருந்தது பெரிய கேள்வியானது. அதன் பிறகு 1989-ல், சீட்டின் முதுகிலிருந்து முன் சீட்டின் பின்பக்கம் வரை குறைந்தது 26 அங்குலம் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் விதி கொண்டுவந்தது. அதுவும் தப்பித்து வெளியேறுவதற்கான அளவுதான்; வசதிக்கான அளவு அல்ல.

அமெரிக்காவில் சீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்க வேண்டும் என்று 2018-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. விதி வரவில்லை என்று பயணிகள் அமைப்பு நீதிமன்றம் போனது. 2023 மார்ச்சில் நீதிமன்றம் அந்த மனுவை ஏற்கவில்லை. விமானத்தில் உள்ள அனைவரும், பாதி வாசல்கள் மூடியிருந்தாலும், 90 விநாடிக்குள் வெளியேற முடிய வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்கப் பொதுவான அளவுகோல்.

இந்தியாவில் ஓடும் பஸ்ஸுக்குள் சீட்டின் அளவும் இடைவெளியும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஏஐஎஸ்-052 என்ற கட்டமைப்பு விதி சொல்கிறது. விமானப் பயணிகளுக்காக டிஜிசிஏ வைத்திருக்கும் இழப்பீட்டு விதியோ, ஏற அனுமதி மறுப்பு, விமானம் ரத்து, தாமதம் போன்றவற்றைப் பற்றியது. முட்டி இடித்ததற்கு அதில் வழியில்லை.

நுகர்வோர் ஆணையம் திறந்த கதவு

ஆனால் வேறொரு கதவு இருக்கிறது. 2023 மே மாதம் ஹைதராபாத்திலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில், பிசினஸ் வகுப்பில் பயணம் செய்த ஒரு தம்பதியின் சீட்டுகள் தானாகச் சாயவில்லை. வழக்கு ஹைதராபாத் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 2024-ல் வந்த தீர்ப்பில், ஆளுக்கு 48,750 ரூபாயை 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 1 லட்சம் ரூபாய், வழக்குச் செலவுக்கு 10 ஆயிரம் ரூபாய் என்று ஆணையம் சொன்னது.

எகானமி பயணி இதை அப்படியே தனக்குப் பொருத்திக்கொள்ள முடியாது. அந்தத் தம்பதி காசு கொடுத்ததே சாயும் சீட்டுக்காக. ஆனால் தீர்ப்பின் அடிப்படை முக்கியம்: சொல்லி விற்ற வசதி கிடைக்கவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. கூடுதல் கட்டணம் கட்டி வாங்கிய சீட் உடைந்திருந்தால், "கால் வைக்க அதிக இடம்" என்று விற்றது இல்லை என்றால், கேள்வி கேட்க இடமுண்டு.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பயணி தான் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். விமான நிறுவனத்தின் அலுவலகம் எங்கிருந்தாலும், புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் பேசிப் பார்க்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நான்கு மணி நேரம் ஏன் முக்கியம்?

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் ரத்த நாளத்தில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பயப்பட வேண்டியதில்லை, அப்படிப் பயணம் செய்யும் சுமார் 6 ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இது வருகிறது. விமானம் மட்டுமல்ல, பஸ், கார், ரயிலுக்கும் இது பொருந்தும் என்கிறது அதே ஆய்வு.

இங்கேதான் புதுக்கோட்டைப் பயணியின் கணக்கு மாறுகிறது. ஊரிலிருந்து பஸ், நிலையத்தில் காத்திருப்பு, அப்புறம் நான்கு மணி நேர விமானம். உட்கார்ந்திருக்கும் நேரம் டிக்கெட்டில் அச்சடித்ததைவிட அதிகம். சீட்டைச் சாய்ப்பது முதுகுத்தண்டின் அழுத்தத்தைக் குறைக்கும். காலில் ரத்தம் உறைவதைத் தடுப்பது நடைதான். எழுந்து நடக்கவும் காலை அசைக்கவும் இடம் வேண்டும் என்பதே இதில் உண்மையான தேவை.

என்ன செய்யலாம்?

டிக்கெட் போடும்போது: விலையோடு சீட் பிட்சையும் பாருங்கள். 200, 300 ரூபாய் வித்தியாசத்தில் 2 அங்குலம் அதிகம் கிடைக்கலாம். அவசர வாசல் வரிசைக்குக் காசு கட்டும் முன், அது சாயுமா என்று கேளுங்கள். ஏ320-ல் அந்த இரண்டு வரிசைகளில் முன்னது பொதுவாகச் சாயாது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு போகிறவர்கள் பக்கத்து சீட்டுக்காகப் பதற வேண்டாம். ஒரே டிக்கெட்டில் பதிவு செய்திருந்தால், பெற்றோரில் ஒருவர் அருகே இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ உத்தரவிட்டிருக்கிறது.

விமானத்தில்: சாய்க்கும் முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சாப்பாடு வரும்போது நிமிர்த்திவிடுங்கள். முட்டி இடித்தால் சீட்டை உதைக்க வேண்டாம், பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முடியாவிட்டால் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள்.

சீட் பழுதாக இருந்தால்: விமானத்திலேயே பணியாளரிடம் சொல்லுங்கள், போட்டோ எடுங்கள், போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். இறங்கியதும் நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள். பின்னால் ஆணையத்துக்குப் போனால் இவைதான் சாட்சி.

டிக்கெட் விற்கும் பக்கத்தில் பெட்டி எத்தனை கிலோ என்று தெளிவாகப் போடுகிறார்கள். சீட் எத்தனை அங்குலம், சாயுமா சாயாதா என்பதையும் அதே எழுத்தில், விலைக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்று ஒரு விதி வந்தால் போதும். சண்டையில் பாதி குறைந்துவிடும். அதுவரை, அறந்தாங்கியிலிருந்து வந்தவரும் அவருக்கு முன்னால் ஆலங்குடியிலிருந்து வந்தவரும், தங்களுக்கு விற்கப்படாத 4 அங்குலத்துக்காக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே சிங்கப்பூர் போய்ச் சேருவார்கள்.