விறகு வெட்டியது யார்?

நகைச்சுவையைப் பகுத்தாராயப் புகுவோன் தானே நகைப்புக்கு இடமாவான் என்பதை அறிவேன். அறிந்தும் இக்கட்டுரையை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் சிறுவரும் இளைஞரும் கண்டு களிக்க, ‘தி ஜெனரல்’ என்னும் பழைய அமெரிக்க ஊமைப்படத்தைத் திரையிடலாம் என்று செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. “ஆபாசம் இல்லை, இரட்டைப் பொருள் பேச்சு இல்லை, பேச்சே இல்லை. மலையாளப் பள்ளியில் படித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் மொழித்தடை இல்லை” என்றார் முன்மொழிந்த நண்பர். நான் மறுத்தேன். “சிரிப்பிலுமா அரசியல், ஓய்?” என்று எல்லோரும் சிரித்தனர். வாக்கெடுப்பில் தோற்றேன். தோற்றவனுக்கு மலரில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்பெருந்தன்மைக்கு நன்றி கூறி, அங்கே சொல்ல வாய்க்காததை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இப்படத்தை வெறுப்பவன் அல்லேன். ஒலவக்கோட்டில் புகைவண்டித்துறை எழுத்தனாகக் காலந்தள்ளும் எனக்கு, நீராவி எஞ்சினையே கதைத்தலைவியாக்கிய படம் பிடிக்காமல் போகுமா? கல்லூரி நாளில் முதன்முதல் பார்த்தது தொட்டு ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். பஸ்டர் கீட்டன், கிளைட் பிரக்மன் என்னும் இருவர் இயக்கி 1926-இல் வெளிவந்த படம் அது. கதைநாயகன் ஜானி கிரே ஓர் எஞ்சின் ஓட்டுநர். காதலி கோபித்துப் போன துயரில் எஞ்சினின் இணைப்புத் தண்டின்மேல் அமர்ந்திருக்கிறான். வண்டி நகர, தண்டோடு அவனும் மேலும் கீழுமாக எழுந்து தாழ்கிறான். அதையும் உணராத சோகம்! முகத்தில் ஒரு தசையும் அசைவதில்லை. பகைவரைச் சுடக் கொண்டுவந்த பீரங்கி மெல்லத் தாழ்ந்து அவனையே குறிபார்க்கும் காட்சியைக் கண்டு சிரிக்காதவன் உயிரோடு இருப்பது ஐயம். ஆரிகன் மாநிலத்துக் காட்டாற்றின்மேல் மரப்பாலம் கட்டி, உண்மையான எஞ்சினையே ஏற்றி, எரியும் பாலத்தோடு ஆற்றில் விழச்செய்து ஒரே முறையில் படமெடுத்தார்கள். அவ்வொரு காட்சிக்கு 42,000 டாலர் செலவு என்பர். வெளிவந்தபோது இப்படம் பணத்தையும் இழந்தது, பாராட்டையும் பெறவில்லை. பின்னர் 1972-லும் 1982-லும் பிரிட்டானியத் திரை இதழ் ஒன்று உலகத் திறனாய்வாளரிடம் வாக்கு வாங்கித் தொகுத்த பத்துச் சிறந்த படங்களின் வரிசையில் ஏறியது. கலைத்திறத்தில் எனக்கு வழக்கில்லை. கதை யார் பக்கம் நின்று சிரிக்கிறது என்பதிலேதான் வழக்கு.

நடந்த வரலாற்றைக் கேளுங்கள். 1862 ஏப்ரல் 12. அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டாம் ஆண்டு. அடிமைமுறையைக் காக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த தென்மாநிலங்களுள் ஜார்ஜியாவும் ஒன்று. அங்கே ‘பிக் சாண்டி’ என்னும் நிறுத்தத்தில் பயணிகள் காலையுணவுக்கு இறங்கியபோது, ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்பவர் தலைமையில் மாறுவேடத்தில் வந்த வடபுலத்தார் சிலர் ‘ஜெனரல்’ என்ற எஞ்சினைக் கவர்ந்து வடக்கே ஓட்டினர். வழிநெடுகத் தந்திக்கம்பிகளை அறுத்துத் தண்டவாளங்களைப் பெயர்த்துப் பாலங்களைக் கொளுத்தித் தென்படைக்குச் செல்லும் பாதையைக் குலைப்பது அவர்கள் நோக்கம். வண்டியின் நடத்துநர் வில்லியம் ஃபுல்லர் முதலில் காலாலும், பிறகு தள்ளுவண்டியிலும், பிறகு வேறு எஞ்சின்களிலும் துரத்தி, ஏறத்தாழ 87 மைல் தொலைவில் அவர்களை மடக்கினார். ஆண்ட்ரூசும் அவருடன் வந்தோர் எழுவரும் அந்த ஜூன் மாதத்தில் தூக்கிலிடப்பட்டனர். அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவீரர் பதக்கம் முதன்முதல் வழங்கப்பெற்றது அக்குழுவில் உயிர்தப்பியோர்க்கே. அவர்களுள் ஒருவரான வில்லியம் பிட்டஞ்சர் எழுதிய நூலைத்தான் கீட்டன் தம் படத்துக்கு மூலமாகக் கொண்டார்.

மூலநூல் எழுதியவர் வடபுல வீரர். படமோ அவரைக் கள்வராக்கி, துரத்திய தென்புலத்தானை நாயகனாக்கியது. தூக்குமரம் படத்தில் இல்லை. நடவாத போர் ஒன்று இறுதியில் புகுத்தப்பட்டு அதில் தென்படை வெல்கிறது. ஜானி தென்புலக் கொடியைத் தூக்கி நிற்கிறான், படைத்தலைவன் அவனுக்கு அதிகாரிச் சீருடை அணிவிக்கிறான், காதலியும் கிடைக்கிறாள். தெற்கு 1865-இல் தோற்றதும் அடிமைகள் விடுதலையானதும் படம் பார்க்கும் சிறுவனுக்குத் தெரிய வழியே இல்லை.

ஏன் இப்படிச் செய்தார் என்று பிற்காலத்தில் கேட்டபோது, தெற்கைத் தீயவராகக் காட்டினால் சனங்கள் ஏற்கமாட்டார்கள் என்ற கருத்தில் கீட்டன் விடை தந்திருக்கிறார். வடக்கு வென்றது, தோற்றவனிடம் இரக்கம் காட்டுவதே நாடகத்துக்கு அழகு என்பது அவர் எண்ணம். இவ்விடையில்தான் எனக்கு மூச்சுத் திணறுகிறது. தோற்றவன் யார்? பருத்திப் பண்ணை முதலாளியா, அவனிடம் சவுக்கடி பட்டவனா? 1860 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஜார்ஜியாவில் அடிமைகள் 4,62,198 பேர். அம்மாநில மக்களில் நூற்றுக்கு 44 பேர். தெற்கு முழுவதும் ஏறத்தாழ 40 இலட்சம். தென்னரசின் துணைத்தலைவராயிருந்த அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், தாமே ஜார்ஜியாக்காரர், தம் புதிய அரசின் மூலைக்கல்லே கறுப்பரின் அடிமைத்தனந்தான் என்று 1861 மார்ச்சில் சவானா நகரில் மேடையேறிப் பேசினார். அவர் மறைக்காததைப் படம் மறைக்கிறது.

இவ்வுண்மை எனக்கும் ஏழெட்டு முறை பார்த்த பின்னும் உறைக்கவில்லை. உறைக்க வைத்தவர் என் மாமியார். மூணாற்றுத் தோட்டம் ஒன்றில் முப்பதாண்டுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூட வாசல் மிதியாதவர். சென்ற பொங்கலுக்கு லயத்து வீட்டில் பிள்ளைகளுக்காக இப்படத்தைப் போட்டேன். அவரும் முந்தானையால் வாய்பொத்திச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நடுவே ஒரு புகழ்பெற்ற காட்சி வரும்: ஜானி வண்டியில் நின்று குனிந்த தலை நிமிராமல் விறகு வெட்டுகிறான், அவனுக்குப் பின்னால் தென்படை பின்வாங்கி ஓடுகிறது, வடபடை முன்னேறி வருகிறது, அவனோ எதையும் காண்பதில்லை. அங்கே மாமியார் கேட்டார்: “ஏன் மாப்பிள, டிரைவரே விறகு வெட்டுறாரு? கூலி ஆளு ஒருத்தருமா இல்ல?”

எனக்கு விடை வரவில்லை. தோட்டத்து வாழ்வு அறிந்த கண்ணுக்கு, துரையும் துப்பாக்கியும் வண்டியும் இருக்குமிடத்தில் கூலி இல்லாதிருப்பதுதான் முதல் வியப்பு. பிறகு படித்துப் பார்த்தேன். அக்காலத்துத் தென்மாநில இருப்புப்பாதைகளில் மண் வெட்டியவரும், விறகு பிளந்து அடுக்கியவரும், எஞ்சினில் தீமூட்டியவரும் பெரும்பாலும் அடிமைகளே. புகைவண்டிக் குழுமங்கள் அவர்களை விலைக்கு வாங்கின. உடையவனிடம் வாடகைக்கும் எடுத்தன. கீட்டனோ தண்டவாளத்தின் அகலம், சீருடைப் பொத்தான் முதலியவற்றில் அணுவளவும் பிசகாத உண்மை வேண்டும் என்று பாடுபட்டவர். அத்தகையவர் கோடரியை மட்டும் அதைப் பிடித்த கையிலிருந்து பிடுங்கி நாயகன் கையில் கொடுத்துவிட்டார். கறுப்பர் ஒருவருக்கும் கதையில் பங்கில்லை. அடிமை என்ற சொல் எழுத்தட்டையிலும் வாராது.

“1926 ஆம் ஆண்டுப் படத்தை இன்றைய கோலால் அளக்கலாமா?” என்பது செயற்குழுவில் எழுந்த வினா. கோல் இன்றையது அன்று, ஐயா. அடிமைமுறை கொடிது என்ற முடிவு படத்துக்கு அறுபதாண்டு முன்னரே ஆறு இலட்சம் பிணங்களின்மேல் எழுதப்பட்டாயிற்று. தென்புலத்தைப் போற்றிக் கறுப்பரை இழித்த ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற படம் 1915-இல் வந்தபோது கறுப்பர் தெருவிலிறங்கி எதிர்த்தனர். அவர்கள் குரல் கீட்டன் காதில் விழாதிருக்க முடியாது. சனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று அவர் எண்ணிய ‘சனங்களில்’ அவர்கள் இல்லை, அவ்வளவே.

“நகைச்சுவைக்கு இலக்கணமே வேறு” என்றார் தமிழாசிரியர் ஒருவர். நன்று, இலக்கணத்துக்கே வருவோம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன் காட்டுகிறது தொல்காப்பியம். ஜானியின் பேதைமையும் அவன் காதலி அனபெல்லின் மடனும் நகை தருவன. உலையில் போடச் சொன்னால் அவள் ஒரு சுள்ளியைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறாள். அவன் அவள் கழுத்தை நெரிப்பதுபோல் பாய்ந்து முத்தமிடுகிறான். இவற்றில் குற்றமில்லை. எள்ளல் என்பதோ ஒருவனை நோக்கியது. யாரை எள்ளுகிறோம் என்ற வினா அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே எள்ளப்படுவோர் அடிமைமுறையை எதிர்த்த படையினர்.

நம் பழைய இலக்கியமும் போரைக் கண்டு சிரித்ததுதான். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் தோற்றோடும் கலிங்கர் துறவியாகவும் பாணராகவும் வேடமிட்டுத் தப்பும் பகுதி எவ்வளவு சிரிப்பு! அவர் வென்ற குலோத்துங்கனின் அவைப்புலவர்; நடுநிலையாளர் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அவர் பிணத்தை மறைக்கவில்லை. பேய்கள் களத்தில் கூழ் அட்டு உண்ணும்போது அக்கூழ் எதனால் ஆனது என்று கேட்போர்க்குத் தெரியும். சிரித்த வாய் அடுத்த நொடியில் மூடிக்கொள்ளும். ‘தி ஜெனரலில்’ வாள்முனை கழன்று பறந்து ஒருவன் முதுகில் தைத்துக் கொல்கிறது, அதற்கும் சிரிக்கவேண்டும். போரில் ஆள் சாவதைக் காட்டிச் சிரிக்கச் சொல்வதா என்று அமெரிக்க விமர்சகர் ஒருவரே 1927-இல் கடிந்திருக்கிறார். சாப்ளினும் இத்துறையில் கைவைத்தவரே. 1940-இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ எடுத்து ஹிட்லரை எள்ளிய அவர், வதைமுகாம்களின் முழுக்கொடுமை அன்று தெரிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்கவே இயலாது என்று பின்னர் எழுதினார். கொடுங்கோலனை எள்ளியவருக்கே அவ்வளவு கூச்சம்!

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்பீர்கள். நமக்கும் ஒரு புகைவண்டி இருந்தது. மூணாற்றுக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் காளைகள் இழுக்கும் வண்டிப்பாதை போட்டனர். 1908-இல் அது இரண்டடிக் குறும்பாதையாகி நீராவி எஞ்சின் ஓடியது. டாப் ஸ்டேஷன்வரை தேயிலைப்பெட்டிகள் வண்டியில் செல்லும். அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் வழியே தூத்துக்குடிக் கப்பலுக்குப் போகும். கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததனால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று மலையாளிகள் இன்றும் பேசும் 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அடித்துக்கொண்டு போயிற்று. இன்று உல்லாசப் பயணிகளுக்கு இக்கதை மிகவும் பிடிக்கும். துரைமாரின் பெயர், எஞ்சினின் பெயர், நிலையக் கட்டடத்தின் பழமை எல்லாம் சொல்லப்படும். கங்காணியிடம் முன்பணம் வாங்கி, திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேறிவந்து அப்பாதைக்குக் கல் உடைத்தவர் பெயர் சொல்லப்படுவதில்லை. என் மாமியாரின் பாட்டனார் அங்கே கல் சுமந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய பெயரை எந்தப் பயண நூலிலும் நான் காணவில்லை.

நம்மவர் திரையில் வருவதும் எப்படி? மலையாளப் படங்களில் நெடுங்காலம் தமிழன் என்றால் எண்ணெய் வழியும் தலையும் உடைந்த பேச்சுமாக வந்து அடிவாங்கிப் போகும் ‘பாண்டி’. பாலக்காட்டுத் திரையரங்கில் அதைப் பார்த்து நானே மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்; சிரிக்காவிட்டால் நான் யார் என்று தெரிந்துவிடுமே! தோட்டத் தொழிலாளரின் முகம் நாடறிய வந்தது, 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் போனசுக்காகச் சாலையில் அமர்ந்தபோது. அவர்கள் பெயர் வரிசை வரிசையாக அச்சேறியதோ, 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவில் பெட்டிமுடி லயங்கள் மண்ணுள் புதைந்து 70 பேர் மாண்டபோது. கூலியில்லாத மலையைக் காட்டும் அழகிய படங்களுக்கிடையே வாழும் நாம், அடிமையில்லாத ஜார்ஜியாவைக் காட்டும் படத்தை நம் பிள்ளைகளுக்கு விளக்கம் ஏதுமின்றி விருந்தாகப் படைக்கப் போகிறோம்.

படத்தைத் தடைசெய்யச் சொல்லவில்லை. தடை கோருவோர் கூட்டத்தில் நான் என்றும் இருந்ததில்லை. திரையிடுங்கள், பிள்ளைகள் சிரிக்கட்டும், நானும் முன்வரிசையில் அமர்ந்து சிரிப்பேன். படம் தொடங்குமுன் பத்து நிமிடம் எனக்கு ஒதுக்குமாறு செயலாளர்க்கு எழுதிக் கொடுத்துள்ளேன். அந்த 4,62,198 என்ற எண்ணையும், தூக்கிலேறிய எண்மரையும், மாமியார் கேட்ட கேள்வியையும் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். நிகழ்ச்சிநிரல் ஏற்கெனவே நீண்டுவிட்டது, பார்க்கலாம் என்றிருக்கிறார். மாமியாரை விழாவுக்கு அழைத்துவரப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று.