வங்கக் கடலுக்கு ஒரு பிழைக்கணக்கு

மழை வருமென்று சொல்லிய நாளில் வராமற்போனாலும், வராதென்று நம்பியிருந்த இரவில் கொட்டித் தீர்த்தாலும், இன்னும் வேகமான கணிப்பொறி வேண்டுமென்ற குரலே முதலில் எழுகிறது. அந்தக் கோரிக்கை நியாயமற்றதன்று. ஆயினும், கணிப்பு ஓடத் தொடங்கும் அந்தக் கணத்தில் வாயுமண்டலம் எந்த நிலையில் இருந்தது என்பதை நாம் எவ்வளவு சரியாக அறிந்திருந்தோமோ, அதைப் பொறுத்தே முன்னறிவிப்பின் பலிதம் பெரும்பாலும் அமைகிறது என்ற விஷயம் நம் பொது விவாதங்களில் அநேகமாகப் பேசப்படுவதே இல்லை.

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில விஞ்ஞானி, முதல் உலக யுத்தத்தின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் சேவையில் இருந்துகொண்டே, 1910 மே 20-ஆம் தேதிக்குரிய ஐரோப்பிய வானிலையைக் கையாலேயே கணித்துப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் உயருமென்று விடை வந்தது. உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையாமலே இருந்தது. 1922-இல் வெளியிட்ட தம் நூலில் இந்தத் தோல்வியை ஒளிக்காமல் பதிவுசெய்த அவருடைய நேர்மை வணக்கத்துக்குரியது. தொடக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட காற்றின் அளவுகளும் அழுத்த அளவுகளும் ஒன்றோடொன்று இசைந்திராமையே அந்தப் பிழைக்கு மூலகாரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

அந்த இசைவை உண்டாக்கும் கணித மார்க்கங்களில் தலைசிறந்தது, ஜப்பானில் பிறந்த யோஷிகாசு சசாகி 1950-களில் வித்திட்டதும், இங்கிலாந்தின் ரெடிங் நகரிலுள்ள ஐரோப்பிய வானிலை மையம் 1997 நவம்பரில் காலப் பரிமாணத்தையும் சேர்த்து அன்றாட உபயோகத்துக்குக் கொண்டுவந்ததுமான வேரியேஷனல் டேட்டா அசிமிலேஷன் என்ற முறையாகும். சில மணி நேரத்துக்கு முன் செய்த முன்னறிவிப்பை ஒரு புறமும், பலூனும் கப்பலும் விமானமும் செயற்கைக்கோளும் தந்த அளவீடுகளை மறுபுறமும் வைத்து, இரண்டிலும் பிழை உண்டென்பதை ஒப்புக்கொண்டு, ஒவ்வொன்றின் பிழை எத்தகையதோ அதற்கேற்ற நம்பிக்கையை அதற்கு அளித்து, இரண்டிலிருந்தும் விலகல் கூட்டாக மிகக் குறைந்திருக்கும் நிலையைத் தேடிக் காண்பதே இதன் சாரம்.

அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள தேசிய வாயுமண்டல ஆராய்ச்சி மையம் வழங்கும் டபிள்யூ.ஆர்.எஃப்.டி.ஏ. என்ற மென்பொருளின் மூலமாக இந்த வித்தையைச் சாதாரணக் கல்லூரிக் கணிப்பொறியிலும் இன்று இலவசமாகவே பழகலாம். நான் கவலையோடு சொல்ல விரும்புவது இங்கேதான் தொடங்குகிறது. அந்த மென்பொருளோடு ஆயத்தமாக, முந்தைய முன்னறிவிப்பின் பிழை எத்தகையது என்று சொல்லும் பின்னணிப் பிழைக் கோப்பு ஒன்று வருகிறது. அது உலகம் முழுமைக்குமான ஒரு மாதிரியின் முன்னறிவிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டது. அதை மாற்றாமலே ஓட்டினாலும் ஓட்டம் தடையின்றி முடியும்; விலகலின் மொத்தமும் படிப்படியாகக் குறைந்து அடிமட்டத்தைத் தொடும். ஆனால் அந்த அடிமட்டம் நாம் கொடுத்த நம்பிக்கை அளவுகளுக்கு உட்பட்ட அடிமட்டமே என்பதையும், அளவுகள் பொருந்தாவிடில் விடையும் பொருந்தாது என்பதையும் கணிப்பொறி எச்சரிப்பதில்லை.

சென்னை மீனம்பாக்கத்தில் காலையில் மேலே செல்லும் பலூன், முன்னறிவிப்பைவிட ஒரு டிகிரி கூடுதலான உஷ்ணத்தைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அந்தத் திருத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்க வேண்டுமா, முந்நூறு கிலோமீட்டர் வரை கடலுக்குள் பரவ வேண்டுமா, அதனோடு காற்று எவ்வளவு திரும்ப வேண்டும் என்பவற்றையெல்லாம் நிர்ணயிப்பது அந்தப் பிழைக் கோப்புதான். சென்னையிலும் காரைக்காலிலும் பலூன்கள் ஏறுகின்றன; அவற்றுக்குக் கிழக்கே அந்தமான் தீவுகள் வரை விரிந்த கடலின் மேலோ பலூன் நிலையம் ஏதுமில்லை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பூமியின் சுழற்சி காற்றின்மீது செலுத்தும் ஆதிக்கம் தளர்வதால், காற்றுக்கும் அழுத்தத்துக்கும் ஐரோப்பாவில் காணும் நெருங்கிய சம்பந்தத்தையும் நம் கடலில் அப்படியே எதிர்பார்த்தல் தகாது.

சொந்தப் பிழைக்கணக்கைத் தயாரிப்பது அசாத்தியமான காரியமன்று. ஒரே நேரத்துக்காகச் செய்யப்பட்ட 24 மணி முன்னறிவிப்புக்கும் 12 மணி முன்னறிவிப்புக்கும் இடையேயுள்ள வேற்றுமைகளைக் குறைந்தது ஒரு மாதத்துக்குத் திரட்டினால் போதும்; அவற்றிலிருந்து பிழைக்கணக்கை உருவாக்கும் நிரல் அதே மென்பொருளில் இருக்கிறது. ஆனி மாதத்துக் கணக்கு ஐப்பசிக்கு ஆகாது என்பதால் வடகிழக்குப் பருவத்துக்கென்று தனியே செய்யவேண்டும். அதன்பின் ஒரேயொரு அளவீட்டை மட்டும் கொடுத்து ஓட்டி, அதன் திருத்தம் எந்த உருவில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று படம் வரைந்து பார்ப்பது, என் அபிப்பிராயத்தில், ஒவ்வொரு மாணவரும் முதலில் செய்யத்தக்க பரீட்சை.

நம் பல்கலைக்கழகங்கள் வங்கக் கடலுக்கான இந்தப் பிழைக்கணக்கைப் பருவந்தோறும் புதுப்பித்து, எவரும் எடுத்து ஆளும்படி பொதுவில் வைக்க வேண்டும். அந்த உழைப்பை முனைவர் பட்டத்துக்குரிய முழுமையான ஆராய்ச்சியாக ஏற்கவும் வேண்டும். புதிய கணிப்பொறிக்கு நிதி ஒதுக்கும் அரசு, அதே ஆணையிலேயே இதற்கும், கடலில் மிதந்து அளவெடுக்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் ஊழியர்களுக்கும் ஒரு பங்கை எழுதிவைக்கட்டும்.