உடைத்து அனுப்பினால் உயரும் தரம்

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் பழங்காசுக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர்களுக்கு முதலில் ஒரு சொல். மதிப்பீடு என்பது எங்கள் குழுவின் தீராச் சண்டை. ஒரு நாவலைப் பற்றி எங்களில் இருவர் முழுமையாக ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. ஆயினும் மாறுபடுகிறவர் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற விதி மட்டும் இங்கே மீறப்பட்டதில்லை. அந்த விதியைத் தள்ளிவைத்துவிட்ட ஒரு மதிப்பீட்டுத் தொழில், அமெரிக்காவில் பிறந்து, இன்று முத்தையாபுரத்துக் காசு சேகரிப்பாளர் வரைக்கும் வந்துவிட்டது. ஆகவே எழுதுகிறோம்.

தொழில் இதுதான். நீங்கள் ஒரு காசை அனுப்புகிறீர்கள். கட்டணம் கட்டுகிறீர்கள். சில நிபுணர்கள் ஆளுக்குச் சில வினாடிகள் அதைப் பார்க்கிறார்கள். ஒன்றிலிருந்து எழுபது வரையில் ஓர் எண் இடப்படுகிறது. காசு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து முத்திரையிடப்பட்டு, எண் அச்சிட்ட சீட்டோடு திரும்புகிறது. 1986-இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய இரண்டும் இத்துறையின் பெரிய பெயர்கள். அறுபத்து நான்குக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒரு மெல்லிய கீறலாக இருக்கலாம். விலையில் அதுவே சில நேரம் பல மடங்கு.

இந்த எழுபது எங்கிருந்து வந்தது? வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனித உடல்களை வகைபிரித்துப் புகழ்பெற்றவர், 1949-இல் தம் நாட்டின் பழைய பெரிய செப்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த அளவை இது. மிக மோசமான காசு ஒரு பங்கு விலை போனால் மிகச் சிறந்தது எழுபது பங்கு போகும் என்பது அவர் கணக்கு. அதாவது, தரத்தின் அளவுகோலாக இன்று வணங்கப்படும் எண் பிறக்கும்போது ஒரு விலைப்பட்டியல். சில ஆண்டுகளிலேயே சந்தை அந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விட்டது. எண் மட்டும் தங்கிவிட்டது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பில் இருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, தாழ்ந்தவற்றை அவ்விடத்தில் வைத்தவர் ஷெல்டன் என்பது அவர் இறந்த பிறகு நீதிமன்றம் வரை சென்று நிலைபெற்ற செய்தி. அளவுகோல் செய்தவரின் கை அளவுகோலைவிடச் சுவையானது; ஆனால் அது வேறு கதை.

2003-இல் ‘காயின் வேர்ல்ட்’ இதழ் ஓர் எளிய சோதனை செய்தது. அதே காசுகளை ஓராண்டுக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அனுப்பிப் பார்த்தது. எந்த ஒரு காசிலும் எல்லா நிறுவனங்களும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் வேறுபாடு ஏழு புள்ளி வரை சென்றது. அதற்கும் முன்பே, 1990-இல், தன் தரமிடல் புறவயமானது என்று விளம்பரங்களில் மிகைப்படுத்தியதாக பிசிஜிஎஸ் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. ஐந்தாண்டுகளுக்கு விளம்பரங்களில் எச்சரிக்கை வாசகம் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் சமாதானம் செய்துகொண்டது. ஐந்தாண்டு முடிந்ததும் மனிதக் கண் திருந்திவிட்டதா என்று நாங்கள் கேட்கவில்லை.

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதாவது பொறுக்கத்தக்கது. அதே நிறுவனத்திடம் அதே காசு இரண்டாம் முறை சென்றால் வேறு எண்ணோடு வருகிறதே, அதுதான் இத்தொழிலின் உயிர்நாடி. பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்துப் புதியது போல் அனுப்புவதையே பிழைப்பாகக் கொண்ட வணிகர்கள் அங்கே உண்டு. எண் ஏறினால் ஆதாயம்; ஏறாவிட்டால் மறுபடியும் உடை, மறுபடியும் அனுப்பு. ஒவ்வொரு முறையும் கட்டணம் நிறுவனத்துக்கு. உடைக்காமலே மறுபரிசீலனை கேட்கவும் வழி உண்டு. அதில் தரம் உயர்ந்தால் காசின் மதிப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பது பிசிஜிஎஸ் வைத்த ஏற்பாடு. தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் நீதிபதிக்குக் கூடுதல் ஊதியம் என்று ஒரு நீதிமன்றம் அறிவித்தால் நாம் என்ன சொல்வோம்? பழைய சீட்டைத் திருப்பித் தராதவர்களால் ஒரே காசு நிறுவனத்தின் கணக்கில் மூன்று காசாக நிற்கிறது. அரிய காசு எத்தனை உள்ளன என்று அந்தக் கணக்கைப் பார்த்து விலை கொடுக்கிறவர் பாடு பரிதாபம்.

இவ்விரு நிறுவனங்களின் தோற்றத்திலும் பங்குகொண்ட ஜான் அல்பனீஸ் 2007-இல் சிஏசி என்ற மூன்றாம் நிறுவனத்தைத் தொடங்கினார். முந்தையவர்கள் இட்ட தரம் சரிதான் என்று பெட்டியின் மேல் ஒரு பச்சை ஒட்டுச்சீட்டு ஒட்டுவது அதன் பணி. சான்றுக்குச் சான்று! சந்தை இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, வரிசையில் நின்றது.

நம் வீட்டுக் காசுகளுக்கு இந்தத் தராசில் தனித் துன்பம் ஒன்று உண்டு. வெள்ளி ரூபாயைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்துப் பின்னர் எடுத்தவையும் ஏராளம். இவற்றுக்கு எண் கிடையாது. ‘துலக்கப்பட்டது’ என்ற முத்திரை மட்டும் உண்டு. எங்கள் நண்பர் ஒருவர், பாட்டியிடமிருந்து வந்த 1940-ஆம் ஆண்டு ஜார்ஜ் மன்னர் ரூபாயை முகவர் வழியாக வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினார். துலக்கப்பட்டது என்று வந்தது. முகவரின் யோசனைப்படி பெட்டியை உடைத்து மறுபடி அதே இடத்துக்கு அனுப்ப, அறுபத்திரண்டு என்ற எண்ணோடு வந்தது. பாட்டியின் புளி இடையில் எங்கே போயிற்று? இரண்டு முறையும் ஒரு வரிக் காரணம் இல்லை. கட்டணங்களைக் கூட்டினால் காசின் விலையைத் தாண்டுகிறது.

மனிதக் கண் மாறும், கருத்து வேறுபடும், இது கலையே அன்றி அறிவியல் அன்று என்பார்கள். முழுதும் ஒப்புகிறோம். கண்ணால் மதிப்பிடும் தொழிலைத் தூத்துக்குடிக் கரைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கே முத்துகளைத் துளையளவு மாறும் பித்தளைச் சல்லடைகளில் சலித்துப் பருமன் பிரித்தார்கள். பிறகு ஆணி, வடிவு, குறுவல் என்று வடிவையும் ஒளியையும் கண்ணால் பார்த்து வகுத்தார்கள். சல்லடை செய்தது சல்லடைக்கு, கண் செய்தது கண்ணுக்கு என்று இரண்டும் தனித்தனியே நின்றன. சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டபோது, எடுப்பவனுக்குத் தான் ஆடுவது சூதாட்டம் என்பது தெரிந்தே இருந்தது. கண்ணின் வேலையைச் சல்லடையின் வேலை போல விற்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

கருத்து வேறுபட்டால் என்ன செய்வது என்பதற்கும் நம்மிடம் முன்மாதிரி இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் ஏடுகளைத் தேடித் திரட்டிப் பதிப்பித்தபோது, ஏட்டுக்கு ஏடு மாறிய இடங்களில் தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, மற்றவற்றைப் பாடபேதமாகக் கீழே அச்சிட்டார். வாசிப்பவன் அவரோடு மாறுபட உரிமை பெற்றான். தரச்சான்று நிறுவனமோ தன் பாடபேதங்களை ஒவ்வொரு முறையும் குப்பையில் போட்டுவிட்டு, கடைசிப் பாடத்தையே மூலம் என்று முத்திரையிடுகிறது.

நிதானமாகப் பார்த்தால் நிபுணர்கள் சரியாகவே பார்க்கிறார்கள். 1913-ஆம் ஆண்டு லிபர்ட்டி நிக்கல் காசுகள் ஐந்தே உள்ளன. அவற்றுள் ஒன்றை வைத்திருந்த ஜார்ஜ் வால்டன் 1962-இல் விபத்தில் இறந்தார். காசு போலி என்று வாரிசுகளிடம் திருப்பித் தரப்பட்டது. பல்லாண்டுகள் வீட்டு அலமாரியில் கிடந்தது. 2003-இல் பால்டிமோரில் மற்ற நான்கோடும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே மெய்யானது என்று தெளிந்தது. 2013-இல் முப்பத்தொரு லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. ஒப்பிட்டதனால் கிடைத்த உண்மை அது. அந்த நேரத்தைச் சாதாரணக் காசுக்குக் கொடுக்க இயலாது என்பது விளங்குகிறது. ஆனால் அதே காசு மீண்டும் வந்திருக்கிறது என்று அறியவும் இயலாதா? 2010-இலேயே பிசிஜிஎஸ் தன் சேவைப் பிரிவு ஒன்றில் காசின் முகத்தை லேசரால் பதிந்து, திரும்ப வந்தால் அடையாளம் காணும் முறையைக் கொண்டுவந்தது. இயலும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனியாருக்கு உரிமை இல்லை. ஓர் எண்ணுக்கு ஆசைப்பட்டுக் கம்பெனி ரூபாயைக் கூரியர் உறையில் போடுகிறவர் குற்றம் செய்கிறார். ஆசை காட்டும் உள்ளூர் முகவர்கள் இதைச் சொல்வதில்லை. தமிழ்ப் பிராமியில் ‘பெருவழுதி’ என்று பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசை இரா. கிருஷ்ணமூர்த்தி படித்துச் சொன்னது எந்த எண்ணும் இல்லாமல்தான்.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. முன்பு இட்ட எண்ணையும் ஆண்டையும் புதிய சீட்டில் அச்சிடட்டும். தரம் உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் ஒரே கட்டணம் வாங்கட்டும். எண்ணுக்கு ஒரு வரி காரணம் எழுதட்டும். அதுவரை எங்கள் குழுவுக்குள் கைமாறும் காசுகளில் பெட்டியின் சீட்டை மறைத்துவிட்டு, லென்ஸ் வைத்துக் காசைப் பார்த்தே விலை பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.